இயந்திரம் கொண்டுபோன விரலுக்கு என்ன ஈடு?



இப்பகுதியில் பெரும்பாலும் பிள்ளை வளர்ப்பு, கணவன் மனைவி உறவு, முதியோர் பராமரிப்பு ஆகியவை குறித்தே உங்களோடு உரையாடி வருகிறோம். இம்மாதம் எடுத்துக்கொண்ட பொருள் சட்டம், தொகை, விழுக்காடு எனச் சற்று வறண்டிருக்கும். ஆயினும், காலையில் வேலைக்குப் புறப்பட்ட குடும்பத் தலைவர் மாலையில் கை இழந்து திரும்புவதைவிட, அல்லது திரும்பாமலே போவதைவிட, ஒரு வீட்டை நிலைகுலையச் செய்யும் நிகழ்ச்சி வேறு உண்டோ? அந்த நாளில் எவரிடம் செல்வது, எந்தத் தாளில் கையொப்பமிடுவது, எதில் இடாதிருப்பது என்பதை அறியாமையால் நம் மக்கள் இழந்துவிடும் தொகை கொஞ்சநஞ்சமன்று. ஆகவே பொறுமையோடு படியுங்கள். படித்தபின் இதழைப் பழைய தாள்காரருக்குப் போட்டுவிடாமல் பத்திரப்படுத்தி வையுங்கள்.

பங்கு இல்லத்துக்கு இத்தகைய வழக்குகள் வந்து சேரும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பட்டறையிலோ கட்டட வேலையிலோ விபத்து நேர்ந்து நான்கைந்து நாள் கழிந்திருக்கும். அடிபட்டவரின் மனைவியும் மைத்துனரும் ஒரு பக்கம், முதலாளி அனுப்பிய மேலாளர் மறுபக்கம் என வந்து அமர்வார்கள். "சாமி, முதலாளி தங்கமானவர். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அவர்தான் பார்த்தார். மேற்கொண்டு இருபதாயிரம் தருவதாகச் சொல்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி முடித்து வைத்தால் போதும்" என்று மைத்துனரே பேச்சைத் தொடங்குவார். மேலாளரின் பையில் முத்திரைத்தாள் ஆயத்தமாக இருக்கும். இனி நிறுவனத்தின் மீது தமக்கு எவ்வித உரிமையும் பாக்கியும் இல்லையென்று அதில் தட்டச்சாகியிருக்கும். அந்த அம்மாள் மட்டும் ஒன்றும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இத்தகைய பேச்சில் நடுவராக அமர நாம் இசைவதில்லை. அதனால் நம்மீது மனத்தாங்கல் கொண்டோர் இரு பக்கமும் உண்டு. வருகிற பணத்தையும் சாமி தடுத்துவிட்டார் என்று குடும்பத்தார் முணுமுணுத்ததும் உண்டு. எனினும் நம் நிலைக்கு ஒரே காரணம்தான். அந்த மேசையில் எழுதப்படும் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. ஆனால் அதற்கு மதிப்புண்டு என்று நம்பி, உரிய காலத்தில் உரிய இடத்துக்குச் செல்லாமல் இருந்துவிடுகிறது குடும்பம். இந்த நம்பிக்கைதான் கேடு.

விபத்து இழப்பீடு என்பது முதலாளியின் இரக்கத்தில் பிறப்பதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முன்பு நிலை வேறாயிருந்தது. ஆலையில் கை போன தொழிலாளி, குற்றம் முதலாளியுடையதே என்று நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாக வேண்டும். உடன் வேலை செய்தவனின் கவனக்குறைவால் நேர்ந்ததென்றால் அதற்கு முதலாளி பொறுப்பில்லை என்று இங்கிலாந்து நீதிமன்றங்கள் கையை விரித்தன. கைப்பொருளற்ற தொழிலாளி எங்கே வழக்காடுவான்? இந்தக் கொடுமையை உணர்ந்து ஜெர்மனி 1884 இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் செய்தது. 1891 இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடலில், விபத்திலும் நோயிலும் முதுமையிலும் தொழிலாளிக்கு உதவ நிதி வேண்டுமென்று குறிப்பிட்டார். 1897 இல் இங்கிலாந்து தன் சட்டத்தை மாற்றிற்று. நம் நாட்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923 இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. இவற்றின் அடிப்படை ஒன்றே: விபத்து வேலையினின்று எழுந்ததா, வேலையின்போது நேர்ந்ததா என்பதே கேள்வி. குற்றம் யாருடையது என்பது கேள்வியன்று. தொழிலால் ஆதாயம் பெறுகிறவர், அத்தொழில் உண்டாக்கும் இழப்பையும் ஏற்றாக வேண்டும்.

அந்த 1923 ஆம் ஆண்டுச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டது. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2020 என்பது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது அதற்குள் அடங்கிவிட்டது. அந்நாளுக்கு முன் நேர்ந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும். பெயர் மாறினும் நாம் கீழே சொல்லப்போகும் அடிப்படை விதிகள் பெரும்பாலும் மாறவில்லை.

"உன் கவனக்குறைவால்தானே நேர்ந்தது, கம்பெனி என்ன செய்யும்?" என்று மேஸ்திரியோ மேலாளரோ சொல்வதைக் கேட்டுத் தலைகுனிந்து வருகிறவர்கள் மிகப் பலர். அசதியினால் கண் அயர்ந்ததும், அவசரத்தில் கை தவறியதும் மனித இயல்பு. அதற்காக இழப்பீடு மறுக்கப்படுவதில்லை. மறுக்கக் கூடிய காரணங்கள் சிலவே: விபத்தின்போது குடிமயக்கத்திலோ போதையிலோ இருந்தமை, பாதுகாப்புக்கென வெளிப்படையாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியமை, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றி எறிந்தமை. உயிரிழப்போ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்துவிட்டால் இக்காரணங்களையும் முதலாளி எடுத்துக்காட்ட இயலாது. உற்பத்தி கூட வேண்டுமென்று மேஸ்திரியே பிரஸ் மெஷினின் காப்பு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, விபத்துக்குப் பின் தொழிலாளியே கழற்றினான் என்று சொல்வதும் நடப்பதுதான். உடன் வேலை செய்தவர்களின் பெயர்களை அன்றே குறித்து வைப்பது இதனால் இன்றியமையாதது.

இனித் தொகைக்கு வருவோம். முழு ஊனத்துக்கு மாதக் கூலியில் 60 விழுக்காட்டையும், உயிரிழப்புக்கு 50 விழுக்காட்டையும் எடுத்துக்கொண்டு, வயதுக்கேற்ப அட்டவணையில் கொடுக்கப்பட்டுள்ள காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அவ்வெண் 207.98; 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. இளையவர் இன்னும் பல்லாண்டுகள் உழைத்திருப்பார் என்பதால் அவருக்கு எண் பெரிது. மாதக் கூலி எவ்வளவாயினும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்ச அளவு, 2020 ஜனவரி 3 ஆம் நாள் அறிவிக்கையின்படி 15,000 ரூபாய்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். முப்பது வயது இளைஞர், மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறவர், பிரஸ் மெஷினில் ஆள்காட்டி விரல் முழுவதையும் இழக்கிறார். 15,000 இல் 60 விழுக்காடு 9,000. அதை 207.98 ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய். இது முழு ஊனத்துக்கான தொகை. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 விழுக்காடு இழப்பு என்று அட்டவணை சொல்கிறது. ஆக, அவருக்குச் சேர வேண்டியது 2,62,000 ரூபாய்க்குச் சற்று மேல். போனது கட்டை விரலாயின் இழப்பு 30 விழுக்காடு. தொகை 5,61,546 ரூபாய். மேலாளர் பையிலிருந்து எடுத்து வைத்த இருபதாயிரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்! மருத்துவச் செலவும் இத்தொகைக்குள் அடங்குவதன்று. வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கான உண்மையான மருத்துவச் செலவைத் தனியே தர வேண்டுமென்று 2009 ஆம் ஆண்டுத் திருத்தமே சொல்லிவிட்டது. "ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அவரே பார்த்தார்" என்று நன்றிப் பெருக்கோடு சொல்கிறோமே, அது அவர் செலுத்தக் கடமைப்பட்ட வேறொரு கணக்கு.

அட்டவணையில் எழுதிய விழுக்காடே முடிந்த முடிவு என்றும் எண்ண வேண்டாம். ஒரிசாவில் ஜெய்ப்பூர் என்ற ஊரில் ஒரு திரையரங்கில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் 1968 ஜூலை 6 அன்று கீழே விழுந்தார். இடக்கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க நேர்ந்தது. அட்டவணையின்படி அது பகுதி ஊனமே என்று முதலாளி தரப்பு வாதாடிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. ஒரு கையோடு தச்சு வேலை செய்ய இயலுமா என்பதே நீதிபதிகள் முன்னிருந்த கேள்வி. இயலாது, ஆகவே அவருக்கு நேர்ந்தது முழு ஊனமே என்று 1975 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு வரும் நாளில் அன்று, விபத்து நடந்த நாளிலேயே இழப்பீடு கொடுபட வேண்டியதாகிறது என்பதையும் அத்தீர்ப்பு உறுதி செய்தது. எழுத்தருக்குக் கை போவதும் தச்சருக்குக் கை போவதும் ஒன்றாகா. ஓட்டுநரின் பார்வைக் குறைவும் காவலாளியின் பார்வைக் குறைவும் ஒன்றாகா. அடிபட்டவர் தம் தொழிலில் என்னென்ன செய்துவந்தார், இப்போது எவற்றைச் செய்ய முடியவில்லை என்பதை மருத்துவரிடமும் அதிகாரியிடமும் விளங்கச் சொல்ல வேண்டும். நம் மக்களோ, "கொஞ்சம் வலிக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுகிறவர்கள்.

நிரந்தர ஊனமின்றி, சில வாரமோ மாதமோ வேலைக்குப் போக முடியாதவருக்கு மாதக் கூலியில் 25 விழுக்காடு அரைமாதத்துக்கு ஒருமுறை தரப்பட வேண்டும். மூன்று நாளுக்கு மேற்படாத முடக்கத்துக்கு இது இல்லை.

இப்போது விபத்து நடந்த நாளுக்குத் திரும்புவோம். எல்லாம் அங்கேதான் நிலைக்கிறது, அல்லது குலைகிறது. நாமறிந்த ஓர் இளைஞர் இரும்புப் பட்டறையொன்றில் இரண்டு விரல்களை இழந்தார். அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில், வண்டியிலிருந்த மேற்பார்வையாளர் அவருக்குச் சொன்ன அறிவுரை இது: "கம்பெனியில் நடந்தது என்று சொன்னால் போலீஸ், கேஸ் என்று ஆகிவிடும். வீட்டில் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிடு. மற்றதை முதலாளி பார்த்துக்கொள்வார்." வலியில் துடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சொன்னார். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டிலும் அப்படியே ஏறிற்று. இரண்டு மாதத்துக்குப் பின், முதலாளி பார்த்துக்கொள்ளவில்லை என்று கண்டபோது, அவர் கையிலிருந்த ஒரே அரசு ஆவணம் அவருக்கே எதிர்சாட்சி ஆயிற்று. உடன் வேலை செய்த இருவர் துணிந்து சாட்சி சொன்னமையால் வழக்கு ஒருவாறு தேறியது. அவ்விருவரும் வேலையை இழந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகவே மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எந்த இடத்தில், எந்த இயந்திரத்தில், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். பொய் சொல்லலாகாது என்று ஞாயிறுதோறும் நாம் பிரசங்கம் செய்வது ஒருபுறமிருக்கட்டும். இங்கே பொய்யால் சோறு போகிறது. விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனைகளில் ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். சிகிச்சை முடிந்து தரும் குறிப்பு, எக்ஸ்ரே படங்கள், மருந்துச் சீட்டுகள், பணம் கட்டிய ரசீதுகள் அனைத்தையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். கூலிச் சீட்டு, அடையாள அட்டை, வருகைப் பதிவின் நகல், வங்கியில் சம்பளம் ஏறிய பக்கம் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரொக்கக் கூலிக்கு வேலை செய்வோருக்கு இவற்றுள் ஒன்றும் இராது. அவர்களுக்கு உடன் வேலை செய்தவர்களின் வாய்மொழியே சான்று. விபத்து பற்றி முதலாளிக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அறிவிப்புக் கொடுக்கத் தவறினும், விபத்து முதலாளிக்கு வேறு வழியில் தெரிந்திருந்தால் உரிமை கெடாது. முதலாளி தம் செலவில் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தால் மறுக்க வேண்டாம். காரணமின்றி மறுத்தால் இழப்பீட்டு உரிமை அதுவரை நின்றுவிடும்.

கோரிக்கை மனுவைத் தொழிலாளர் துறையில் இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தில் ஆணையர் எனப்பட்டவரே புதியதில் தகுதியுள்ள அதிகாரி எனப்படுகிறார். மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். காலக்கெடு விபத்திலிருந்து, அல்லது மரணத்திலிருந்து, இரண்டு ஆண்டுகள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு உரிமையுண்டு. அதை நம்பி இருந்துவிட வேண்டாம். விபத்து நடந்த ஊரில்தான் மனுச் செய்ய வேண்டுமென்பதும் இல்லை. இராமநாதபுரத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போய் அடிபட்டு ஊர் திரும்பியவர், தாம் குடியிருக்கும் பகுதியின் அதிகாரியிடமே கோரலாம். 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த இந்த வசதியை அறியாமல், பேருந்துக் கட்டணத்துக்கு வழியின்றி வழக்கைக் கைவிட்டவர்கள் உண்டு.

முத்திரைத்தாளின் கதைக்கு இனி வருவோம். சட்டப்படி உரிய இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ தொழிலாளி எழுதிக்கொடுக்கும் உடன்படிக்கை அந்த அளவில் செல்லாது. இரு தரப்பும் ஒரு தொகைக்கு இசைந்தால், அவ்வொப்பந்தத்தை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாதென்றோ, வஞ்சகத்தால் அல்லது வற்புறுத்தலால் பெறப்பட்டதென்றோ கண்டால் அவர் பதிவை மறுக்கலாம். பதிவு செய்யாவிடில் முழுத்தொகைக்கும் முதலாளி பொறுப்பாகவே நிற்பார். ஆதலால், அறியாமல் கையொப்பமிட்டுவிட்டோமே என்று நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாண்டுக்குள் மனுச் செய்யுங்கள். உயிரிழப்பில் விதி இன்னும் கண்டிப்பானது. தொகையை அதிகாரியிடமே முதலாளி செலுத்த வேண்டும். விதவையின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாக எண்ணப்படாது. மூன்று மாதக் கூலி அளவுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதை மட்டும் கழித்துக்கொள்ளலாம். உரிய தொகையை ஒரு மாதத்துக்குள் செலுத்தத் தவறினால் 12 விழுக்காடு வட்டி சேரும். நியாயமான காரணமில்லையென்றால் தொகையில் பாதிவரை தண்டமும் விதிக்கலாம். இழப்பீட்டுத் தொகையைக் கடன்காரர் ஜப்தி செய்யவும் முடியாது. வட்டிக்காரர் வாசலில் நிற்கும் வீடுகள் இதை நன்கு நினைவில் வைக்கட்டும்.

"நான் ஒப்பந்தக்காரரின் ஆள், கம்பெனி ஆள் இல்லையே" என்பது அடுத்த தயக்கம். நிறுவனம் தன் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தால், அதில் அடிபட்டவர் நிறுவனத்திடமே இழப்பீடு கோரலாம். பிறகு ஒப்பந்தக்காரரிடமிருந்து அதை ஈடுசெய்துகொள்வது நிறுவனத்தின் பாடு.

வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்து நெடுநாள் வழக்குக்குரியதாகவே இருந்தது. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர், விடியற்காலை 3 மணிப் பணிக்காக 2003 ஏப்ரல் 22 அன்று மோட்டார் சைக்கிளில் சென்றபோது, ஆலைக்குச் சுமார் 5 கிலோமீட்டர் முன்பாக விபத்தில் இறந்தார். அவர் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் இறுதியாகக் கூறியது 2025 ஜூலையில். இருபத்திரண்டு ஆண்டுகள்! பிள்ளைகள் வளர்ந்து ஆளாகியிருப்பார்கள். புதிய சட்டத்தொகுப்பில், வீட்டிலிருந்து பணிக்குச் செல்கையிலும் பணி முடிந்து திரும்புகையிலும் நேரும் விபத்து, நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு தொடர்புடையவை என்று காட்டப்பட்டால், வேலையால் நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று எழுதப்பட்டிருக்கிறது.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு வழி வேறு. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளில், 2017 ஜனவரி முதல் வகுத்த வரம்பின்படி மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத கூலி வாங்குவோர் இத்திட்டத்தில் அடங்குவர். அவர்கள் முதலாளியிடம் மொத்தத் தொகை கோர இயலாது. கழகமே உதவி தரும். தற்காலிக முடக்கத்தில் கூலியின் 90 விழுக்காடு வரை கிடைக்கும். நிரந்தர ஊனமாயின் அதன் அளவுக்கேற்ப வாழ்நாள் முழுதும் மாதந்தோறும் தொகை வரும். உயிரிழப்பாயின் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் பங்கிட்டுத் தரப்படும். வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் இவ்வுரிமை உண்டு. முதலாளி பெயரைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், அக்குற்றத்தைத் தொழிலாளி சுமக்க வேண்டியதில்லை; கழகம் உதவியைத் தந்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு வாரியம் தரும் விபத்து உதவி இவை இரண்டிலும் சேராத தனிக் கணக்கு. அதை வாங்கியதால் முதலாளியின் பொறுப்புத் தீர்ந்துவிடாது.

இவ்வளவும் எழுதிவிட்டு, நம்முடைய சொந்த முற்றத்தைப் பாராமல் விடுவது முறையாகாது. பங்குகளும் பள்ளிகளும் விடுதிகளும் ஆள் வைத்து வேலை வாங்குபவையே. திருவிழாவுக்கு முன் கோபுரத்துக்கு வர்ணம் பூச மூங்கில் சாரத்தில் ஏறுகிறவர் யார்? சப்பரத்துக்கு மின்விளக்கு கட்டுகிறவர் யார்? ஆண்டவருக்காகச் செய்கிறார்கள் என்று சொல்லி இடுப்புக் கயிறுகூட இல்லாமல் ஏற்றிவிடுகிறோம். வேலை தொடங்குமுன் ஒப்பந்தக்காரரிடம் காப்பீட்டுப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள் என்று பங்குப் பேரவைகளை வேண்டுகிறோம். நேரடிக் கூலிக்கு வைத்தால் பங்கே காப்பீடு செய்யட்டும். வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும்.

இறுதியாக, பங்கு இல்லத்தின் அலமாரியிலுள்ள ஏடுகளைப் பற்றி. மேலே காட்டிய கணக்கில் வயது எவ்வளவு முதன்மையானது என்று கண்டீர்கள். மாதம் 15,000 ரூபாய் வாங்கியவர் 30 வயதில் இறந்தால் 15,59,850 ரூபாய்; 40 வயதென்று எழுதப்பட்டுவிட்டால் 13,81,275 ரூபாய். மருத்துவமனையில் யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன வயது ஆவணத்தில் ஏறிவிட்டால் ஒரு குடும்பம் ஏறத்தாழ 1,80,000 ரூபாய் இழக்கிறது. பிறப்புச் சான்று இல்லாதவர்கள் திருமுழுக்கு ஏட்டின் பதிவை வயதுக்குத் துணைச் சான்றாகக் காட்டலாம். மனைவி என்பதற்குத் திருமண ஏடு உண்டு. அதே பெயரில் மூன்று அந்தோணிகளும் நான்கு சவரிமுத்துகளும் இருக்கும் பழைய ஏடுகளில் தேடுவது எளிதன்று. ஆதலால் வரும்போது தந்தை தாய் பெயரோடு, ஞானப் பெற்றோரின் பெயரையும், திருமுழுக்கு நடந்த ஆலயத்தையும், தோராயமான ஆண்டையும் கேட்டறிந்து வாருங்கள். வேறு பங்கில் நடந்திருந்தால் அங்குள்ள பங்குத்தந்தைக்கு நாமே கடிதம் எழுதிப் பெற்றுத் தருகிறோம். இழப்பீட்டு மனுவுக்கென்று சொன்னால் எந்த நாளும் எந்த நேரமும் ஏட்டைத் திறந்து தரும்படி உபதேசியாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். இதற்குக் காணிக்கை ஏதும் வேண்டாம்.